கொசு மருந்து வண்டி

கடலூர் 2021-ல் மாநகராட்சி ஆனது. கொசுக்கள் மட்டும் இன்னும் நகராட்சிக் காலத்து மெத்தனத்திலேயே இருக்கின்றன. இந்த நேரத்தில் செம்மண்டலத்தில் ஆர்எக்ஸ் 100 பைக் ஓட்டும் அன்பர்களுக்கு ஊர் ஒரு சால்வைகூடப் போர்த்தாதது அநியாயம். காலணா வாங்காமல் தெருத்தெருவாகப் புகை அடிக்கிறார்கள்.

1985-ல் வந்து 1996-ல் உற்பத்தி நின்ற வண்டி. வெறும் 98 சிசி. பெட்ரோலோடு டூ-டி ஆயிலையும் சேர்த்தே எரிக்கும். அந்த ஆயிலை எங்கே கொட்டுவது என்ற கவலையே கிடையாது. அதைப் பின்னால் வருகிறவரின் நுரையீரல் பார்த்துக்கொள்ளும்.

உடம்புக்கும் நல்லது. சோக்கை இழுத்து ஓர் உதை. கிளம்பாது. பிளக்கைக் கழற்றி, கரியை உப்புத்தாளில் தேய்த்து, ஊதி மாட்டி மறுபடி உதை. ஜிம்முக்குக் காசு கட்டுகிறவர்கள் ஏமாளிகள். வண்டி போடும் சத்தத்தில் மஞ்சக்குப்பம் போய்ச் சேரும்வரை ஹாரன் செலவும் மிச்சம். கார்புரேட்டர் டியூனிங் மட்டும் சிதம்பர ரகசியம்; திரையை விலக்கிக் காட்ட எந்த மெக்கானிக்குக்கும் மனசு வராது.

பேட்டரி வண்டிக்காரர்கள் பாவம். சத்தமில்லாமல் வந்து சத்தமில்லாமல் போகிறார்கள். வீட்டு நாய்கூட மதிப்பதில்லை.

போன வாரம் புகைச் சான்றிதழ் வாங்கப் போனேன். குழாயைச் செருக வேண்டியவர் வண்டியையே சுற்றிச் சுற்றி வந்தார். கண் கலங்கியிருந்தது. புகைதான் என்று நினைத்தேன்.

"சர்டிபிகேட்டு...?" என்று இழுத்தேன்.

"அது கெடக்குதுண்ணே. டேங்கு ஒரிஜினலா? என்ன வெலைக்குக் குடுப்பீங்க?"