தொடும் முன் பார்!

கே: தினமும் ஆன்லைனில் மூன்று நிமிட ஆட்டமாக ஆடித் தள்ளுகிறேன். ரேட்டிங் மட்டும் தஞ்சைப் பெரிய கோயில் நந்தி மாதிரி அசையவே இல்லையே?

ப: ஆடியவற்றில் ஒன்றையாவது திரும்பிப் பார்த்தீர்களா? மூன்று நிமிடத்தில் கை பழகும், கண் பழகாது. அரைமணி நேர ஆட்டம் ஒன்றை ஆடி, எங்கே கோட்டை விட்டோம் என்று தேடுங்கள். பலன் அதில்தான்.

கே: ஆனந்தே சென்னை டால் செஸ் கிளப்பில் வேக ஆட்டம் ஆடித்தானே வளர்ந்தார்?

ப: ஆடினார். தோற்றவர் எழுந்துகொள்ள, ஜெயித்தவர் உட்கார்ந்து ஆடும் கிளப் அது. அதோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும். சிறுவயதில் பிலிப்பைன்ஸில் இருந்தபோது, டி.வி.யில் வரும் செஸ் புதிர்களை அம்மா சுசீலா குறித்து வைப்பார். பையன் பள்ளி விட்டு வந்ததும் இருவரும் உட்கார்ந்து விடை காண்பார்கள். வேகம் அந்தப் பொறுமையின் மேல் எழுந்தது.

கே: காயை வைத்த மறுநொடிதான் எதிராளியின் பொறி தெரிகிறது. இது எனக்கு மட்டும் வரும் வியாதியா?

ப: உலக சாம்பியனுக்கே வந்திருக்கிறது. 2006இல் ஜெர்மனியின் பான் நகரில் டீப் ஃபிரிட்ஸ் கணினியோடு ஆடிய கிராம்னிக், நல்ல நிலையிலிருந்து ராணியை நகர்த்தினார். அடுத்த நகர்விலேயே செக்மேட்!

சோவியத் மாஸ்டர் புளூமென்ஃபெல்ட் இதற்கு ஒரு மருந்து சொன்னார்: முடிவு செய்த நகர்வை முதலில் தாளில் எழுது, பிறகு ஆட்டம் தெரியாதவன் பார்ப்பதுபோலப் பலகையை ஒருமுறை பார், அதன்பின் ஆடு. கிராண்ட்மாஸ்டர் கோட்டோவ் தன் நூலில் இதைப் பரப்பினார். ஆனால், ஆடுவதற்கு முன்பே எழுதி வைப்பதை இன்றைய ஃபிடே விதி அனுமதிப்பதில்லை. எழுதுவதை விடுங்கள், பார்ப்பதை விடாதீர்கள். 'இதற்கு அவர் செக் வைக்க முடியுமா? எதையாவது வெட்ட முடியுமா? எதை மிரட்டுவார்?' இந்த மூன்றையும் கேட்டு முடிக்கும்வரை கை பலகைக்கு மேலே போகவேண்டாம்.

கே: ஓரத்துக் குதிரை உதவாது என்கிறார் பயிற்சியாளர். என் குதிரைக்கு ஓரம்தான் பிடிக்கிறது!

ப: எண்ணிப் பாருங்கள். நடுவில் நிற்கும் குதிரைக்கு 8 கட்டங்கள்; மூலையில் நிற்பதற்கு இரண்டே இரண்டு. ஆனாலும் ரூய் லோபஸ் திறப்பில் கறுப்புக் குதிரை ஓரத்துக்கு வந்து வெள்ளை பிஷப்பைத் தாக்கும். 'சி' வரிசைச் சிப்பாய்க்கும் வழி திறக்கும். காரியம் இருந்தால் ஓரத்துக்குப் போகலாம். ஒதுங்க மட்டும் போகக்கூடாது.

கே: வீட்டில் ஆடும்போதும் 'தொட்ட காயை ஆடு' என்று பையனிடம் கறாராக இருக்கவேண்டுமா?

ப: ஆம். வீட்டில் தளர்த்தினால் போட்டியில் அழுவான்.

கே: எத்தனை திறப்புகளை மனப்பாடம் செய்வது?

ப: வெள்ளைக்கு ஒன்று, கறுப்புக்கு இரண்டு போதும். மிச்ச நேரத்தை எண்ட்கேமுக்குக் கொடுங்கள். 1916 முதல் 1924 வரை ஒரு போட்டி ஆட்டத்தில்கூடத் தோற்காத காபபிளாங்கா, 1921இல் எழுதிய பாடநூலை எளிய மேட்களிலும் கடைசிக் கட்ட ஆட்டங்களிலும்தான் தொடங்கினார்.

சான்று வேண்டுமா? 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலக சாம்பியன் போட்டியின் பதினான்காவது ஆட்டம். ஒரு சிப்பாய் குறைவாக இருந்தாலும் டிங் லிரென் டிராவை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தார். 55ஆவது நகர்வில் யானைகளை மாற்றிக்கொள்ள முன்வந்தார். அவருடைய பிஷப்போ மூலையில் கிடந்தது. யானையை வெட்டிய குகேஷ் அந்த பிஷப்பையும் கட்டாயமாக மாற்றவைத்தார். எஞ்சியது ராஜாவும் சிப்பாய்களும். 18 வயதில் உலகப் பட்டம்! ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் முன் 'வெறும் சிப்பாய்கள் மிஞ்சினால் யாருக்கு வெற்றி?' என்று கணக்கிடத் தெரியவேண்டும். ஓரச் சிப்பாய் ஒன்றுதான் மிச்சம், எதிர் ராஜா அதன் முன்மூலையைப் பிடித்துவிட்டது என்றால் அது டிரா. இப்படிச் சிலவற்றைத் தெரிந்துகொண்டால் பல அரைப் புள்ளிகள் தப்பும்.

கே: கம்ப்யூட்டர்தான் சரியான நகர்வைச் சொல்லிவிடுகிறதே, யோசிப்பானேன்?

ப: குகேஷை பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா வளர்ந்த ஆட்டக்காரராகும் வரை கணினிப் பக்கமே விடவில்லை. சொந்தமாகக் கணக்கிடும் பழக்கம் அப்படி வந்தது. இனி ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும், எங்கே தவறினீர்கள் என்று உங்கள் கையால் ஒரு நோட்டில் எழுதுங்கள். கணினியை அதற்குப் பிறகு திறங்கள்.