தாள் பிழைக்குமா?

பழைய பத்திரம், கடிதம், கணக்குக் கட்டு, புத்தகம் பற்றி வாசகர்கள் கேட்டவை இவை. பதில் சொல்பவர் திருப்பதியில் தனியாகப் பட்டறை வைத்துத் தாள் பாதுகாப்பு வேலை செய்பவர்.

கே: தாத்தா வாங்கிய நிலத்தின் பத்திரம் மடிப்பு மடிப்பாக நான்கு துண்டாகிவிட்டது. செலோடேப் ஒட்டி பீரோவில் வைத்திருக்கிறேன். போதுமா? (சித்தூர் வாசகர்)

ப: பீரோ சரி, டேப்தான் தப்பு. ஒட்டிய புதிதில் கண்ணாடி மாதிரி இருக்கும். வருஷம் போகப் போக மேலே இருக்கும் பிளாஸ்டிக் தானே கழன்று விழும். பசை மட்டும் தாளுக்குள் இறங்கி, மஞ்சளித்து, பழுப்பேறி, வடை வைத்த பேப்பர் மாதிரி ஆக்கிவிடும். தயவுசெய்து நீங்களாகப் பிய்க்காதீர்கள். தாளின் மேல்தோல் எழுத்தையும் கூட்டிக்கொண்டு வந்துவிடும்.

என் மேஜைக்கு வந்தால், முதலில் ஒரு எழுத்தின் ஓரத்தில் ஊசிமுனைத் துளி வைத்து, ஒற்றுத்தாளால் ஒற்றி, மை கரைகிறதா என்று பார்ப்பேன். பிறகு சூடேற்றிய மெல்லிய தகட்டை நுழைத்து பிளாஸ்டிக்கை எடுப்பேன். பசையைக் கரைப்பான் தொட்டுத் தொட்டு அடியில் உள்ள ஒற்றுத்தாளுக்கு இறக்க வேண்டும். கிழிசலைச் சேர்ப்பது கோசோ என்ற மரப்பட்டை நாரில் ஜப்பானில் செய்யும் மெல்லிய தாளும், கோதுமையிலிருந்து பிரித்த ஸ்டார்ச் பசையும். ஐம்பது வருஷம் கழித்து வேறொருவர் இதைவிட நல்ல வழி கண்டுபிடித்தால், கொஞ்சம் ஈரம் காட்டி நான் ஒட்டியதைக் கழற்றிவிடலாம். கழற்ற முடியாத எதையும் நான் ஒட்டுவதில்லை.

கே: அப்படியானால் லேமினேஷன்? (பலமநேர் வாசகி)

ப: வேண்டவே வேண்டாம். ஜெராக்ஸ் கடையில் சூட்டோடு உருக்கி ஒட்டும் பிளாஸ்டிக்கைத் தாளுக்குச் சேதமில்லாமல் பிரிப்பது அநேகமாக நடக்காத காரியம். ஆவணக் காப்பகங்களே ஒரு காலத்தில் லேமினேட் செய்தவைதான். தில்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் ஓ. பி. கோயல் 1950-களில், இயந்திரம் இல்லாமலே செல்லுலோஸ் அசிட்டேட் தகட்டை அசிட்டோன் தொட்டு ஒட்டும் முறையைக் கொண்டுவந்தார். பணமில்லாத காப்பகங்களுக்கு அது அன்றைக்குப் பெரிய உதவி. இப்போது அந்தத் தாள்களை அசிட்டோனிலேயே ஊறவைத்துப் பிரிக்கிறோம். கடை லேமினேஷனுக்கு அந்த வழியும் கிடையாது. ஓரம் திறந்த பாலியெஸ்டர் உறை வாங்கி உள்ளே நுழைத்து வையுங்கள்.

கே: எங்கள் வீட்டுப் பத்திரங்களில் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருக்கிறது. சுத்தம் செய்யும்போது அது போய்விடுமா? (புத்தூர் ஆசிரியை)

ப: நல்ல கேள்வி, அம்மா. போகவிடக் கூடாது. கிரயம் முடிந்து வீட்டுக்கு வந்த பத்திரத்தை சாமி படத்தின் முன் வைத்து மஞ்சள் குங்குமம் இட்டிருக்கிறார்கள். அந்தக் கறையும் அந்த நாளின் சாட்சிதான்.

இதில் வேதியியல் சங்கதி ஒன்று இருக்கிறது. அமிலம் ஏறி நொறுங்கும் தாளைக் காப்பாற்ற, சுண்ணாம்பை நீரில் கரைத்துத் தெளிய வைத்த நீரில் ஊறவைப்பது வழக்கம். அமிலம் அடங்கும், காய்ந்தபின் தாளுக்குள் கால்சியம் கார்பனேட் படிந்து நின்று, இனி வரப்போகும் அமிலத்தையும் தடுக்கும். மஞ்சள் மூலையோடு அப்படியே முக்கினால் என்ன ஆகும் என்பது ஆரத்தி கரைத்த எல்லோருக்கும் தெரியும். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவப்பு. பத்திரத்தின் மூலைகள் செக்கச்செவேல் என்று ஆகிவிடும். ஆகவே மஞ்சள் பூசிய தாளைத் தொட்டியில் முக்குவதில்லை. மூலைகளை விட்டுவிட்டு, உறிஞ்சு மேஜையில் நடுப்பகுதிக்கு மட்டும் தூரிகையால் கொடுக்க வேண்டும். நேரம் பிடிக்கும். வெளிநாட்டுப் பாடப்புத்தகத்தில் இந்தச் சிக்கலை நான் படித்ததில்லை. இந்த மண்ணின் தாளுக்கு இந்த மண்ணில் வளர்ந்த ஆள் வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

கே: நான் கலம்காரி எழுதுகிறேன். ஒரு மடத்தின் பழைய ரிஜிஸ்டரில் எழுத்து இருந்த இடமெல்லாம் ஓட்டையாக இருந்தது. பூச்சியா? (ஸ்ரீகாளஹஸ்தி)

ப: பூச்சி இல்லை. உங்கள் கறுப்புதான்! வெல்லத் தண்ணீரில் துருப்பிடித்த இரும்பை ஊறப்போட்டு எடுக்கும் கரைசலை, கடுக்காய் ஏற்றிய துணியில் தொட்டால் கறுக்கிறதே, அதே வேலைதான் ஆங்கிலேயர் கால மையிலும் நடக்கிறது. கடுக்காய்க்குப் பதில் மாசிக்காய், வெல்ல இரும்புக்குப் பதில் அன்னபேதி. இரண்டிலும் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து கறுப்பாகின்றன. மிச்சமிருக்கும் இரும்பும் அமிலமும் நூற்றாண்டுக் கணக்கில் நாரை அரிக்கின்றன. பழைய கலம்காரித் துணிகளில் கறுப்புக் கோடு மட்டும் முதலில் இற்றுப்போவதும் இதனால்தான். நெதர்லாந்தில் யோகான் நேவல் 1990-களில் இதற்குக் கால்சியம் பைட்டேட் சிகிச்சையைக் கொண்டுவந்தார். தவிட்டில் இருக்கும் பைட்டிக் அமிலம்தான் மூலப்பொருள்; அது அந்த இரும்பைப் பிடித்துக் கட்டிப்போடும். விளக்குப் புகைக்கரியில் செய்த நம் நாட்டு மைக்கு இந்த வியாதியே கிடையாது. ஆனால் தண்ணீர் பட்டால் கலைந்துவிடும்.

கே: ராமபாணப் பூச்சிக்கு என்ன மருந்து? அந்துருண்டை போடலாமா? (நகரி வாசகர்)

ப: அந்துருண்டை பூச்சியைத் துரத்தும், முட்டையை ஒன்றும் செய்யாது, உங்கள் மூச்சுக்கும் ஆகாது. தஞ்சை சரஸ்வதி மகாலில் வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை, கற்பூரம் இடித்துத் துணி முடிச்சாக வைக்கும் பழக்கம் உண்டு. அதை வைக்கலாம், சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வேப்பிலையைப் பச்சையாக வைத்தால் ஈரத்தைக் கொண்டுவந்து பூஞ்சை பிடிக்கும். பூச்சி பிடித்த புத்தகத்தைக் காற்றுப் போகாத கவரில் கட்டி இரண்டு வாரம் ஃபிரீசரில் வையுங்கள். பழைய பைண்டர்கள் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். பூச்சி வராது என்பது உண்மை. ஆனால் அதிலுள்ள செம்பு தாளை உள்ளிருந்து கெடுக்கும்.

கே: 1840-ஆம் வருஷத்துத் தாள் திடமாக இருக்கிறது, அப்பாவின் 1960-ஆம் வருஷத்து நோட்டு தொட்டாலே உதிர்கிறது. எப்படி? (சந்திரகிரி வாசகர்)

ப: முன்னது கந்தல் துணியில் கையால் செய்தது. பின்னது மரக்கூழும் படிகாரமும். படிகாரமும் மரப்பிசினும் சேர்த்துத் தாளை மை ஊறாமல் செய்யும் முறையை ஜெர்மனியில் இல்லிக் 1807-இல் வெளியிட்டார். மில்கள் அதைப் பிடித்துக்கொண்டன, தாள் மலிந்தது, அமிலமும் கூடவே வந்தது. முதலில் காப்பாற்ற வேண்டியது உங்கள் அப்பாவின் நோட்டைத்தான்.

கே: மதனப்பள்ளியில் நடந்த மாதிரி ஓர் அலுவலகம் எரிந்தால் உங்களைப் போன்றவர்களால் எதை மீட்க முடியும்? (மதனப்பள்ளி வாசகர்)

ப: 2024 ஜூலை 21 ஞாயிறு இரவு சப்-கலெக்டர் அலுவலகத்தில் பிடித்த தீயை மறக்க முடியாது. நிலக் கோப்புகள் எரிந்தன என்றால் அந்தப் பக்கத்துக் குடும்பங்களின் வழக்குகளும் வாழ்க்கையும் எரிந்தன என்றுதான் பொருள்.

பொதுவாகச் சொல்கிறேன். இறுகக் கட்டிய கட்டு முழுதாக எரியாது. உள்ளே காற்றில்லை, ஓரம் கரிந்து நடு பிழைத்திருக்கும். கரிந்த தாளிலும் அகச்சிவப்புக் கதிரில் படம் பிடித்தால் சில சமயம் எழுத்து தெரியும். நெருப்பைவிட, அணைக்க அடித்த தண்ணீர்தான் அடுத்த எதிரி. நம் வெக்கையில் நனைந்த கட்டு இரண்டு நாளில் பூஞ்சணம் பூக்கும். 1966 நவம்பர் 4-ஆம் தேதி ஃப்ளாரன்ஸில் ஆர்னோ ஆறு நூலகத்துக்குள் புகுந்த பிறகு உலகம் முழுக்க வழிமுறைகள் மாறின. இன்றைக்கு முதல் வேலை, நனைந்ததைப் பிரிக்காமல் கவரில் போட்டு உறைய வைப்பது. உறைந்தது காத்திருக்கும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து உலர்த்தலாம். 2021 நவம்பரில் திருப்பதித் தெருக்களில் வெள்ளம் ஓடியபோது எத்தனை வீட்டுக் கட்டுகள் ஊறின! மாம்பழக் கூழுக்குப் பேர்போன மாவட்டத்தில் குளிர்பதனக் கிடங்கு தேடுவது கஷ்டமா? ஒவ்வொரு ஆவண அறையும் மழைக்கு முன்பே ஒரு கிடங்குக்காரரிடம் பேசி வைத்திருக்க வேண்டும். இதை நான் போகும் இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கே: ஒரு தாளுக்கு ஜெராக்ஸ் இரண்டு ரூபாய். நீங்கள் ஆயிரக்கணக்கில் கேட்பது நியாயமா அக்கா? (திருப்பதி வாசகி)

ப: நியாயம்தான், தங்கச்சி. தாள் வந்ததும் நிலை அறிக்கை எழுதி, முன்பக்கம் பின்பக்கம் படம் எடுத்து, கையெழுத்து வாங்குகிறேன். சோதனை, தூசி எடுப்பது, கழுவுவது, ஒற்றுத்தாள்களுக்கு நடுவே கனம் வைத்து உலர்த்துவது, ஒட்டுவது என்று ஒரே பத்திரம் இரண்டு மூன்று நாள் மேஜையை அடைத்துக்கொள்ளும். பசை வெயில் காலத்தில் சீக்கிரம் புளித்துவிடும், அடிக்கடி புதிதாகக் காய்ச்ச வேண்டும். இழை மாதிரித் தாள் பறக்கும் என்பதால் மே மாதத்திலும் ஃபேன் போட முடியாது. வியர்வை சொட்டாமல் நெற்றியில் துண்டு கட்டிக்கொண்டுதான் உட்காருகிறேன்.

தனி ஆளாக வேலை செய்வதில் இன்னொரு பாடும் உண்டு. நிறுவனங்கள் டெண்டர் விடும்போது குறைந்த விலைக்காரருக்கே வேலை போகிறது. எண்ணெய் விட்டு இயந்திரம் துடைப்பதற்கும் ஏடு துடைப்பதற்கும் ஒரே படிவம். வேலை முடித்துக் கொடுத்து ஒரு வருஷம் பில்லுக்காக நடந்த இடமும் உண்டு. அதனால் பாதிப் பணம் முன்பணம் என்று வைத்திருக்கிறேன். பணம் இல்லாத வீட்டுக்காரருக்கு வேறு வழி சொல்லுவேன்: நல்ல உறை, நல்ல பெட்டி, தரையிலிருந்து ஒரு முழம் உயரம். பல தாள்களுக்கு அதுவே போதும். வேலை வேண்டாம் என்று நானே திருப்பி அனுப்பும் தாள்களும் நிறைய.

கே: இந்த வேலை கற்க எங்கே போகலாம்? (எஸ்.வி. பல்கலைக்கழக மாணவர்)

ப: தில்லி தேசிய ஆவணக் காப்பகத்தின் பயிற்சிப் பள்ளியில் ஓராண்டு டிப்ளமாவும் குறுகிய காலப் பயிற்சிகளும் உண்டு. லக்னோவில் தேசியப் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்பு ஆய்வகம் இருக்கிறது. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைப் போய்ப் பாருங்கள். உங்கள் பல்கலைக்கழகத்திலேயே தேவஸ்தானம் 1939-இல் தொடங்கிய கீழ்த்திசை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறதே, ஒரு தடவையாவது உள்ளே போயிருக்கிறீர்களா? வேதியியல் தெரிந்தால் நல்லது. தெலுங்கு, தமிழ் இரண்டு எழுத்தும் படிக்கத் தெரிந்தால் இந்தப் பக்கத்தில் உங்களைத் தேடி வருவார்கள்.

கே: திருமலைக் கோவிலுக்குப் பழைய தாள் ஆவணம் உண்டா, எல்லாம் கல்வெட்டும் செப்பேடுமா? (ரேணிகுண்டா)

ப: உண்டு. கம்பெனி ஆட்சியில் கோவில் நடைமுறைகளைக் கேட்டு எழுதிய 'சவாலே ஜவாப் பட்டி' 1819-ஐச் சேர்ந்தது. பெயரே கேள்வி-பதில் பட்டியல்! அதையடுத்து 1821-இல் கோவில் நிர்வாகத்துக்கான புரூஸ் விதித்தொகுப்பு வந்தது.

கே: எங்கள் கொள்ளுத்தாத்தா கர்ணம். பரணில் துணியில் கட்டிய கணக்குக் கட்டுகள் கிடக்கின்றன. எல்லாம் தமிழில். எங்களுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. எடைக்குப் போட்டுவிடலாம் என்கிறார் அண்ணன். (சத்தியவேடு பக்கத்து வாசகர்)

ப: அண்ணனிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். இந்த ஒரு கேள்விக்காகவே இந்தப் பகுதியை எழுத ஒப்புக்கொண்டேன்.

சித்தூர் 1911 ஏப்ரல் 1 வரை வட ஆர்க்காட்டின் தலைநகரம். 1953 அக்டோபர் 1-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் அதோடு போனது. 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. 2022 ஏப்ரல் 4-இல் திருப்பதி தனி மாவட்டம். எல்லை மாறும்போதெல்லாம் அலுவலகக் கோப்புகள் பிரிந்தன. வீட்டுக் கட்டுகள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. 1984-இல் முதல்வர் என்.டி. ராமாராவ் கர்ணம் போன்ற பரம்பரை கிராம அதிகாரிப் பதவிகளை ஒழித்தார். அதற்குப் பிறகு அந்தக் கட்டுகளுக்குக் கேட்பார் இல்லை. எந்த ஏரிக்கு எந்த மதகு, யார் நிலத்துக்கு எத்தனை நாழிகைத் தண்ணீர், பஞ்ச வருஷத்தில் யாருக்குத் தீர்வை தள்ளுபடி என்பதெல்லாம் அதில் இருக்கும்.

2003-இல் தொடங்கிய தேசிய சுவடிகள் இயக்கத்தின் வரையறையில் வருவாய்க் கணக்குகள் சுவடியாகச் சேராது. அறிவு நூல்களுக்குத்தான் அங்கே இடம். காப்பகம் அரசுக் கோப்பைப் பார்க்கும், சுவடி இயக்கம் நூலைப் பார்க்கும். கர்ணம் வீட்டுக் கட்டை யாரும் பார்ப்பதில்லை. கரையான் தின்றதைவிட, படிக்கத் தெரியாத பேரப்பிள்ளைகள் எடைக்குப் போட்டதுதான் இந்த மாவட்டத்தில் அதிகம் என்பது என் எண்ணம்.

செய்ய வேண்டியது பெரிய காரியம் இல்லை. கட்டைப் பரணிலிருந்து இறக்குங்கள். ஓடு ஒழுகும் வீட்டில் பரண்தான் மோசமான இடம். துணி முடிச்சை நிழலில் அவிழ்த்து, மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டுங்கள், வெயிலில் போடாதீர்கள். வரிசையைக் கலைக்காதீர்கள், அவர் கட்டிய வரிசையிலும் செய்தி இருக்கிறது. தமிழ் படிக்கத் தெரிந்த ஒரு பெரியவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு கட்டிலும் முதல் தாளையாவது படிக்கச் சொல்லிப் போனில் பதிவு செய்யுங்கள். ஊர், வருஷம், யார் கணக்கு என்பதைத் தனிச் சீட்டில் தெலுங்கில் எழுதிக் கட்டோடு வையுங்கள். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஈரத்தில் பரவும். குண்டூசி, ரப்பர் பேண்டு இரண்டும் வேண்டாம். அதன் பிறகும் அண்ணனுக்கு இடம் போதவில்லை என்றால், எடைக்காரருக்கு முன்பு எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள், நானே வண்டி பிடித்து வருகிறேன்.