பூசணிக்காயும் பின்சீட் ஹெட்ரெஸ்ட்டும்

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வித்தை பழையது. முழுப் பேருந்தை ஒரு சாண் மெத்தைக்குப் பின்னால் மறைக்கும் வித்தை மோட்டார் யுகத்துக்கு உரியது. ஜிம்னி, தார், டிஃபெண்டர் என்று கரடுமுரடான பாதைக்காகவே பிறந்த வண்டி ஒன்றில் ஏறி, நடுவில் தொங்கும் கண்ணாடியை ஒருமுறை பார்த்தால் போதும். பின்னால் வரும் உலகம் தெரிய வேண்டிய இடத்தில், கழுத்தும் உடம்பும் இல்லாத கறுப்புத் தலைகள் வரிசையாக நிற்கும். பின்சீட்டின் ஹெட்ரெஸ்ட்டுகள். பெரும்பாலான நாட்களில் அவற்றின்மேல் சாய ஆள் கிடையாது. ஆனாலும் காவல் நிற்பதில் அவை குறை வைப்பதில்லை. இவற்றைக் கழற்றுவதா, மடக்குவதா, கிடக்கட்டும் என்று விடுவதா? இந்தப் பெரும்பொருள் குறித்துத் தமிழில் தனிநூல் எழுந்ததாகத் தெரியவில்லை. அக்குறையைப் போக்க வந்ததே இச்சிற்றாய்வு.

முதலில் கணிதம். ஓட்டுநரின் கண்ணிலிருந்து கண்ணாடிக்கு அரை மீட்டர், கண்ணாடியிலிருந்து ஹெட்ரெஸ்ட்டுக்கு ஒன்றரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஆக, பார்வை போகிற தூரம் 2 மீட்டர். ஹெட்ரெஸ்ட்டின் அகலம் 25 சென்டிமீட்டர். பள்ளிக்கூடத்து ஒத்த முக்கோணங்களை நினைவுக்குக் கொண்டுவந்தால், 20 மீட்டர் தூரத்தில் அது மறைக்கும் அகலம் 2.5 மீட்டர் என்று வருகிறது. கிட்டத்தட்ட ஒரு பேருந்தின் அகலம். இது ஒற்றைக் கண்ணால் பார்ப்பவருக்கான கணக்கு. இரண்டு கண்ணும் உள்ளவருக்கு, நடுவே சுமார் 6.5 சென்டிமீட்டர் இடைவெளி இருப்பதால், ஒரு கண்ணுக்கு மறைந்ததில் கொஞ்சம் மறுகண்ணுக்குத் தெரியும். மறைவு 1.9 மீட்டராகச் சுருங்கும். இறைவன் இரண்டாவது கண்ணைக் கொடுத்ததால் கண்ட லாபம், பேருந்துக்குப் பதில் கார் மறைவது.

ஹெட்ரெஸ்ட்டை மட்டும் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை. இவ்வகை வண்டிகளில் ஸ்டெப்னி பின்கதவின் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கும். (வேல்ஸ் நாட்டு லனெல்லி ஊரின் ஸ்டெப்னி தெருவில் 1904இல் தொடங்கிய மாற்றுச்சக்கர வியாபாரம் விட்டுச்சென்ற பெயர் அது. ஆங்கிலேயர் அதை மறந்துவிட்டார்கள். நம் பஞ்சர் கடைக்காரர்கள் மறக்கவில்லை.) கண்ணாடியின் கீழ்ப்பகுதியை ஸ்டெப்னி விழுங்கும். வைப்பர் தன் பங்குக்கு ஒரு கோடு போடும். எஞ்சியதில் ஹெட்ரெஸ்ட்டுகள் கைவைத்த பிறகு, ஓட்டுநருக்கு மிஞ்சுவது ஏறக்குறைய ஒரு தபால் உறை.

இனி பெயர்க்காரணம். ஆய்வென்று வந்தால் இதைத் தவிர்க்க முடியாது. ஆங்கிலத்தில் மக்கள் வழக்கு இப்பொருளைத் தலைக்கு ஓய்வு தருவது என்கிறது. சட்டத்தின் வழக்கோ தலையைத் தடுத்து நிறுத்துவது என்கிறது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் தூரம், மாலை நேரத் தூக்கத்துக்கும் விபத்துக்கும் உள்ள தூரம். தமிழில் இந்தச் சண்டைக்கே இடமில்லை. தலையணை என்றால் போதும். அணை என்பது மெத்தையும் ஆகும், வெள்ளத்தைத் தடுப்பதும் ஆகும். ஹெட்ரெஸ்ட் என்ற பொருள் உலகில் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அதற்கான சொல்லைத் தமிழர் எடுத்து வைத்திருந்தனர் என்று யாரேனும் கிளம்பினால், இந்த ஆய்வு அவருக்குத் துணை நிற்காது, தடுக்கவும் தடுக்காது.

சட்டம் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பின்னாலிருந்து ஒரு வண்டி மோதும்போது சீட் முதுகை முன்னே தள்ளுகிறது. தலை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. நடுவில் அகப்படுவது கழுத்து. அதைக் காப்பாற்றத்தான் அமெரிக்கா 1969 ஜனவரி 1 முதல் புதிய கார்களின் முன்சீட்டுகளுக்கு இதைக் கட்டாயமாக்கியது. 2004இல் விதி திருத்தப்பட்டபோதும் பின்சீட்டுக்குக் கட்டாயம் வரவில்லை. வைப்பதானால் 750 மில்லிமீட்டர் உயரம் எட்ட வேண்டும் என்பதோடு நின்றது. அதாவது, வேண்டாம் என்றால் வேண்டாம், வேண்டுமென்றால் ஒழுங்காக வை. அந்த விதியின் அருமையான பகுதி வேறொன்று. பார்வைக்காக ஹெட்ரெஸ்ட்டை மடக்கியோ தாழ்த்தியோ வைக்கலாம். ஆனால் அது பயன்படும் நிலையில் இல்லை என்பது உட்கார்ந்தவருக்கு உறைக்க வேண்டும். அதற்கு அனுமதிக்கப்பட்ட வழிகளில் ஒன்று 60 டிகிரியாவது சாய்ந்து கிடப்பது. இன்னொன்று, உட்கார்ந்தவரின் முதுகை உறுத்துவது. சில கார்களில் தாழ்த்திய ஹெட்ரெஸ்ட் தோள்பட்டைக்கு நடுவே முட்டுகிறதே, தயாரித்தவருக்கு முதுகு என்றால் என்னவென்றே தெரியாதா என்று சபித்தவர்கள் சாபத்தைத் திரும்பப் பெறலாம். முட்ட வேண்டும் என்றே முட்டுகிறது.

இத்துறையில் மூன்று மதங்கள் உண்டு. விட்டுவைப்போர் மதத்தில் விவாதிக்க ஒன்றுமில்லை. பக்கவாட்டுக் கண்ணாடிகளே அவர்களுக்குத் துணை. மடக்குவோருக்கும் கழற்றுவோருக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க வைணவத்தின் பூனையும் குரங்கும் உதவும். குட்டி ஒன்றும் செய்ய வேண்டாம், தாய்ப்பூனையே கவ்விக்கொண்டு போகும் என்பது தென்கலை. குட்டிக்குரங்குதான் தாயை இறுகப் பற்ற வேண்டும் என்பது வடகலை. வோல்வோ எக்ஸ்சி90 போன்ற வண்டிகளில் ஓட்டுநர் இருந்த இடத்திலிருந்தே திரையைத் தொட்டால், பின்சீட்டின் ஓரத்து ஹெட்ரெஸ்ட்டுகள் தாமாகவே தலைகுனியும். இது பூனை மார்க்கம். கழற்றுவோர் மார்க்கம் குரங்குடையது. பின்சீட்டில் முழங்காலிட்டு, கூரையில் தலை இடிக்க, ஒரு கைக் கட்டைவிரலால் பொத்தானை அழுத்தி, மறுகையால் மேலே இழுக்க வேண்டும். இரண்டு இரும்புக் கால்களில் ஒன்றின் அடியில்தான் பெரும்பாலும் பொத்தான் இருக்கும். மற்றதன் அடியில் பொத்தானைப் போலவே முகம் வைத்துக்கொண்டு வெறும் வளையம் ஒன்று இருக்கும். எல்லாரும் முதலில் அழுத்துவது அதைத்தான்.

நான்காவதாகச் செல்வர் மதம் ஒன்று உண்டு. 2019இல் வெளிவந்த புதிய டிஃபெண்டரில், வண்டியின் பின்புறம் கேமரா வைத்து, அது காண்பதை நடுக்கண்ணாடியிலேயே திரையாகக் காட்டும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். பின்னால் ஆள் இருந்தாலும் ஸ்டெப்னி இருந்தாலும் சாலை தெரியும். ஒரு சாண் பஞ்சைக் கழற்றச் சோம்பல்பட்டு மனிதகுலம் கண்டுபிடித்தவற்றில் இதற்கு முதலிடம் தரலாம்.

இங்கே ஒரு பூர்வபட்சத்தையும் மறுத்தாக வேண்டும். 'ஹெட்ரெஸ்ட்டைக் கழற்றும்படி வைத்ததே, கார் தண்ணீரில் மூழ்கினால் அதன் இரும்புக்காலால் ஜன்னலை உடைக்கத்தான்' என்பது வாட்ஸ்அப் வாயிலாக வழங்கிவரும் ஆகமம். அவசரத்துக்கு அதனால் கண்ணாடி உடையக்கூடும். ஆனால் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. சீட் கவர் மாட்ட, குழந்தை சீட்டைப் பின்னால் ஒட்டி வைக்க, சீட்டை முழுதாக மடித்துச் சாமான் ஏற்ற வேண்டியே கழற்றும் வசதி. ஜிம்னியில் முன்சீட்டு ஹெட்ரெஸ்ட்டைக் கழற்றிவிட்டுச் சீட்டைப் பின்னே சாய்த்தால், பின்சீட்டோடு சேர்ந்து ஏறக்குறையப் படுக்கையே ஆகிவிடும். காட்டில் கூடாரம் அடிக்கச் சோம்பியவர்களுக்கு இந்த உண்மை ஆகமத்தைவிட உதவும்.

நகரத்தில் இந்தச் சர்ச்சை பொழுதுபோக்கு. மலைச்சரிவில் அப்படி இல்லை. செங்குத்தான ஏற்றத்தில் வண்டி பாதியில் திணறி நின்றால், அதைத் திருப்ப முயலக் கூடாது என்பது பாலபாடம். குறுக்கே திருப்பினால் உருண்டுவிடும். ரிவர்ஸ் கியர் போட்டு, ஏறிய தடத்திலேயே நேராகப் பின்வாங்க வேண்டும். பின்னால் குழி இருக்கிறதா, கூட வந்த நண்பர் போட்டோ எடுக்க நடுவழியில் நிற்கிறாரா என்று அந்த நேரத்தில் தெரிந்தாக வேண்டும். கழற்றுவோர் மதத்தின் வலுவான சான்று இதுவே. பின்சீட்டில் ஆள் இல்லாதவரைதான் இந்தச் சான்று செல்லும் என்பதை அம்மதத்தார் வசதியாக மறப்பதுண்டு.

கழற்றியதை எங்கே வைப்பது என்பதில்தான் மதங்கள் யாவும் தோற்கின்றன. டிக்கியில் போட்டால் ஒவ்வொரு வளைவிலும் உருளும். சீட்டுக்கு அடியில் கால்கள் நுழையாது. கடைசியில் வீட்டுக்குப் போகும். பரணில், கொலு பொம்மைப் பெட்டிக்கும் பழைய மிக்ஸிக்கும் நடுவே இடம் பிடிக்கும். சீட்டின் தலையில் திறந்து கிடக்கும் துளைகளில் குழந்தைகள் கடலைத்தோலும் ஒரு ரூபாய் நாணயமும் சேமிக்கத் தொடங்கும்.

பிறகொரு நாள் ஊரிலிருந்து அத்தை வருவார். கோயிலுக்குக் கிளம்பும் அவசரத்தில் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டிய ஹெட்ரெஸ்ட் முன்பின் மாறிச் செருகப்படும். பூட்டுக்கான வெட்டு பெரும்பாலும் ஒரு காலில்தான் உண்டு. மாற்றிச் செருகினால் அது பொத்தான் பக்கம் வராது, பூட்டும் விழாது. ஊர் எல்லை தாண்டியதும் அத்தை தலையைச் சாய்ப்பார். ஹெட்ரெஸ்ட் சத்தமில்லாமல் உள்ளே இறங்கிவிடும். கண்ணாடியில் அது விட்டுச்சென்ற இடம் முழுவதும் இப்போது அத்தையின் கொண்டையும் நாலு முழம் மல்லிகையும். பின்னால் விடாமல் ஹார்ன் அடித்துக்கொண்டு வருவது பேருந்தாகத்தான் இருக்க வேண்டும்.