முப்பது கஜ மானும் ஆயிரம் கஜக் கருவியும்

வில்லால் மான் வேட்டையாடுகிறவர், கொடுத்த காசுக்குப் பழுதில்லாத ரேஞ்ச்ஃபைண்டரை, அதாவது தூரமளக்கும் கருவியை, தேர்ந்தெடுப்பது எங்ஙனம் என்பதற்குத் தொல்லாசிரியர் எவரும் நூற்பா செய்திலர். அக்குறை நம் தலையில் விழுந்தது. நம்மூரில் மானை நோக்கி வில்லை வளைத்தால் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நம்மை வளைத்துவிடும். ஆதலின் ஆய்வுக்களம் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம். அங்கே அக்டோபர் 1 அன்று வில் வேட்டைப் பருவம் தொடங்குகிறது. மரத்தில் இருபதடி உயரத்தில் பரண் கட்டி, இருமலை விழுங்கிக்கொண்டு, வெள்ளைவால் மானுக்காக மணிக்கணக்கில் காத்திருப்பார்கள்.

அளவை கஜத்தில். கஜமாவது மூன்றடி. யானை என்று பொருள் கொள்வார் உளராயின், அவர் ஒருநாள் துணிக்கடையில் நிற்கக் கடவர்.

கண்ணிருக்கக் கருவி எதற்கு எனின், கூறுதும். மிசௌரிக்காரர் ஹோலஸ் வில்பர் ஆலன் 1969-ல் காப்புரிமை பெற்ற காம்பவுண்ட் வில்லின் வழிவந்த இன்றைய விற்களில் அம்பு நொடிக்கு 280 அடி அளவில் பறக்கிறது. பறந்தாலும் விழுந்துகொண்டேதான் பறக்கிறது. நாற்பது கஜத்தில் நிற்கும் மானை முப்பத்தைந்து என்று மதித்து எய்தால், அம்பு நாலங்குலத்துக்கு மேல் தாழ்ந்துவிடும். மானின் இதயமும் நுரையீரலும் அடங்கிய இலக்கின் அகலமே எட்டங்குலம்தான். ஐந்து கஜம் பிசகினால் மான் தப்பிக்கலாம். அல்லது சாகவும் பிழைக்கவும் முடியாமல் புதருக்குள் ஓடிக் கிடக்கலாம். இந்த இரண்டாவது காரணத்தால் இக்கருவியை வெறும் விளையாட்டுப் பொருள் என்று தள்ள இயலவில்லை.

இனி விலை. நூறு டாலர் சுமாருக்கும் உண்டு, நானூறுக்கும் உண்டு. விலை ஏற ஏறப் பெட்டியின் மேல் ஓர் எண்ணும் ஏறும்: 600, 1000, 2000 கஜம். இந்த எண்ணுக்கு உரை காண்பதே நம் ஆய்வின் உயிர்நாடி. கருவி லேசர் துடிப்பை அனுப்பி, அது பட்டுத் திரும்பும் நேரத்தைக் கணக்கிடுகிறது. முப்பது கஜத்துக்குப் போய்வர ஏறத்தாழ 183 நானோ நொடி. பெட்டியில் அச்சிட்ட பெரிய எண், சாலையோரப் பலகை போல ஒளியைத் திருப்பியடிக்கும் பரப்புக்கு உரியது. மானின் மயிரில் பட்ட ஒளி சிதறிப்போவதால் மானுக்கு அந்த எண் வெகுவாகக் குறையும். குறைந்தால்தான் என்ன? வில்லாளி எய்வது முப்பது, மிஞ்சினால் நாற்பது கஜம். அவர் ஆயிரம் கஜக் கருவி வாங்குவது, தெருமுனையில் பால் வாங்கப் போகிறவர் விரைவு ரயிலுக்கு சீசன் டிக்கெட் எடுப்பதை ஒக்கும்.

அற்றேல், கோணத்தைக் கணக்கிட்டுக் கிடைமட்டத் தூரம் சொல்லும் வசதி வேண்டாவோ எனின், பித்தாகரஸ் தேற்றத்தை எடுத்துக்கொள்க. பரண் இருபதடி, மரத்தடியிலிருந்து மான் இருபது கஜம். சாய்வுத் தூரம் இருபத்தொரு கஜம். வித்தியாசம் ஒரே ஒரு கஜம்! கொலராடோ மலைச்சரிவில் முப்பது பாகைக் கோணத்தில், நாற்பது கஜ சாய்வுத் தூரத்தில் நிற்கும் மானுக்கு 34.6 கஜத்துக்கான குறி வைக்க வேண்டும். அங்கே கொசைன் சோறு போடும். சமவெளிப் பரணில் அதற்கு வேலை குறைவு. மலிவுக் கருவிகள் பலவற்றிலேயே இவ்வசதி வந்துவிட்டதால் இதன்பொருட்டு மேலும் வாதிடோம்.

காசைக் கொட்ட வேண்டிய இடம் வேறு. மான் நடமாடுவது விடியலிலும் அந்தியிலும். சூரியன் மறைந்து அரைமணி வரை எய்யச் சட்டமும் இடம் தருகிறது. அந்த மங்கலில் கறுப்பு எண் காட்டும் கருவி, கறுத்த மரத்தின்மேல் கறுப்பில் எழுதும். எண் இருக்கும், வாசிக்க ஆகாது. சிவப்பில் ஒளிரும் எண்ணுக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம், மனம் நோகாது. அமுக்கினால் 'டிக்' என்று சத்தமிடும் பொத்தான் எவ்விலையிலும் ஆகாது.

தள்ளுபடியில் கிடைக்கிறதே என்று கால்ஃப் கருவியைத் தூக்கி வருவோர்க்கு ஓர் எச்சரிக்கை. கால்ஃபில் கொடி முன்னே, மரம் பின்னே. ஆகவே அக்கருவி முதலில் தட்டுப்படுவதையே பிடித்துக்கொள்ளப் பழக்கப்பட்டது. ஆகவே அக்கருவி முதலில் தட்டுப்படுவதையே பிடித்துக்கொள்ளப் பழக்கப்பட்டது. பதினொரு கஜம் என்று கருவி சத்தியம் செய்வது ஒரு சுள்ளியைப் பற்றியதாக இருக்கும்.

ஈண்டு நம் ஆய்வுக்குச் சற்று சங்கடமான ஒரு செய்தி. தேர்ந்த வேட்டைக்காரர் பரண் ஏறியதும் அந்த ஓக் மரம் எத்தனை, இந்தப் பாறை எத்தனை, அந்தத் திருப்பம் எத்தனை என்று அளந்து மனத்தில் முடிந்துகொண்டு, கருவியைச் சட்டைப்பைக்குள் போட்டுவிடுகிறார். மான் வந்தபின் கையசைத்தால் காரியம் கெடும். ஆக, மானுக்கென்று வாங்கிய கருவி பெரும்பாலும் மரங்களை அளந்தே காலம் கழிக்கிறது.

தூரம் சரி, குறி சரி, நாணை விடுகிறார். முப்பது கஜத்திலுள்ள மானுக்கு நாணின் ஒலி 0.08 நொடியில் எட்டிவிடும். அம்பு போய்ச்சேர 0.32 நொடி. ஒலி கேட்ட மான் பாய்வதற்காக முதலில் உடலைத் தாழ்த்தும். அம்பு முதுகுக்கு மேலே போகும். இந்தக் கால் நொடியை அளந்து கழித்துத் தரும் கருவி நானூறு டாலருக்கும் இல்லை, விசாரித்துவிட்டோம்.