பழைய வயரின் பிறவித் தொடர்: மாட்டுங்கா, தாராவி, செம்பூர்ச் சுவர்களை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

மும்பையில் ஒரு ஹவுசிங் சொசைட்டி தன் பழைய கண்காணிப்பு கேமராக்களைக் கழற்றிவிட்டுப் புதியவை மாட்டத் தீர்மானித்தால், முதலில் எழும் கேள்வி கேமராவைப் பற்றியதாக இருப்பதில்லை. "வயர் பழசே இருக்கட்டுமா?" என்பதே அது. இக்கேள்வி எத்தனையோ பொதுக்குழுக்களைக் கண்டிருக்கிறது. முறையான ஆய்வு ஒன்றைக் கண்டதில்லை. அக்குறை தீர்க்க எழுந்தது இக்கட்டுரை.

நில எல்லை: தெற்கே மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள், வடக்கே தாராவி 90 அடிச் சாலை, கிழக்கே செம்பூர் சேடா நகர். கால எல்லை: மும்பையில் தூர்தர்ஷன் ஒளிபரப்பு தொடங்கிய 1972 அக்டோபர் 2 முதல், "அடுத்த வருஷம் பில்டிங் ரீடெவலப்மெண்டுக்குப் போகுது" என்று சொல்லப்படும் அந்த அடுத்த வருஷம் வரை. அதாவது ஆய்வுக் காலத்துக்குத் தொடக்கம் உண்டு, முடிவு இல்லை.

பொருள் எல்லை: கோஆக்சியல் வயர். நடுவே ஒரு செம்புக் கம்பி, அதைச் சுற்றி வெள்ளை நுரை, நுரையின் மேல் பின்னிய உலோக வலை, எல்லாவற்றுக்கும் மேலே பிளாஸ்டிக் உறை. கேமராவுக்கென்றே வாங்கியது என்றால் உறைக்குள் மூன்று மெல்லிய கம்பிகளும் மின்சாரத்துக்காகக் கூடவே ஓடும். லாமிங்டன் ரோடு கடைகளில் இதை 'த்ரீ பிளஸ் ஒன்' என்று கேட்டால் சுருளை எடுத்துப் போடுவார்கள்.

2. முன்னோர்

இவ்வயரின் ஆதிகர்த்தர் ஆலிவர் ஹெவிசைட். தந்தி வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்ட இந்த ஆங்கிலேயர் 1880-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். மூடிய சுற்றில் ஓடும் கண்காணிப்பு கேமராவின் மூதாதையாகச் சொல்லப்படுபவர் ஜெர்மனியின் வால்டர் புரூக். 1942-இல் பீனமுண்டேயில் ராக்கெட் ஏவுவதைத் தொலைவிலிருந்து பார்க்க ஏற்பாடு செய்தவர். 1960-களில் 'பால்' என்னும் வண்ண முறையை உருவாக்கியவரும் இவரே. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியோடு இந்தியாவுக்கு வந்த வண்ணம் அதுதான். நம் வாட்ச்மேனின் பழைய மானிட்டரில் தெரிந்த கேட்டும், கேட்டின் நிறமும் ஒரே ஆசாமியின் கைங்கரியம் என்பது இதுவரை எந்தப் பொதுக்குழுவிலும் பதிவாகவில்லை.

"கோஆக்சியல் எல்லாம் காலாவதி, இனி நெட்வொர்க் கேபிள்தான்" என்று சொல்லும் விற்பனையாளருக்கும் முன்னோர் வழியிலேயே மறுப்பு உண்டு. ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் 1973-இல் பிறந்த ஈதர்நெட், தன் இளமைக் காலம் முழுவதும் ஓடியது கோஆக்சியல் வயரில்தான். ஒரு தடித்த வயரை 500 மீட்டர் நீளத்துக்கு இழுத்து அதில் கணினிகளைத் தொங்கவிட்டார்கள். பெற்ற வீட்டையே காலாவதி என்கிறது பிள்ளை.

3. களம்: சுவரடுக்குச் சான்றுகள்

கீழடியில் மண்ணைத் தோண்டினால் காலம் அடுக்கடுக்காகக் கிடைப்பது போல, மாட்டுங்காவின் பழைய மூன்று மாடிக் கட்டடத்தின் பின்சுவரைப் பார்த்தாலும் கிடைக்கும். அடியில் கிடப்பது மொட்டை மாடி ஆண்டெனாவிலிருந்து இறங்கிய தட்டை வயர். அது தூர்தர்ஷன் காலம். அதன்மேல் கருப்புக் கோஆக்சியல். இது 1990-களின் கேபிள்காரர் காலம். 1993-இல் சன் டிவி வந்தபோது இந்தக் கருப்பு வயர் வழியாகத்தான் அது வீட்டுக்குள் வந்தது. அதற்கும் மேலே வெள்ளை 'த்ரீ பிளஸ் ஒன்', உச்சியில் பிராட்பேண்ட் ஃபைபர்.

இவ்வடுக்குகளில் ஒரு செய்தி புதைந்திருக்கிறது. 2012 அக்டோபர் 31-ஆம் தேதியோடு மும்பையில் பழைய கேபிள் ஒளிபரப்பு நின்று, வீட்டுக்கு வீடு செட்-டாப் பாக்ஸ் வந்தது. அலைவரிசை முறை அடியோடு மாறியது, வயர் மாறவில்லை. அன்று அதைப் பற்றி யாரும் கேள்வி கேட்கவும் இல்லை. ஆக, பழைய வயரில் புதிய சரக்கு ஓடுவது இந்நகரத்துக்குப் புதிதன்று.

தாராவியில் அடுக்கு வேறு விதம். அங்கே சுவருக்குள் புதைக்க இடமேது? வயர்கள் சந்தின் குறுக்கே தலைக்கு மேல் போகின்றன. உயிருள்ள வயர் எது, செத்த வயர் எது என்பது இழுத்துக் கட்டியவருக்கே வெளிச்சம். கழற்றப்படும் வயருக்கும் அங்கே கதி மோட்சம் உண்டு: 13-ஆம் காம்பவுண்டில் உறை உரிக்கப்பட்டு, செம்பு தராசில் ஏறும். எனவே வயருக்கு மறுபிறவி இருவகைப்படும்: கேமராவாகத் தொடர்வது, கிலோவாகக் கரைவது.

4. தடையும் விடையும்

பழைய வயரில் புதிய தெளிவு வருமோ எனின், வரும். பழைய கேமரா தந்தது 576 வரிப் படம். அதே வயரில் உயர்தெளிவுப் படத்தை அனுப்பும் முறை ஒன்றைத் தாஹுவா நிறுவனம் 2012-இல் கொண்டுவந்தது. டிவிஐ, ஏஎச்டி என்று பங்காளிகள் பின்தொடர்ந்தனர். இப்போது 1080 வரிப் படம் அவ்வயரில் சர்வசாதாரணமாக வருகிறது. மாற்ற வேண்டியவை இரு முனைகள் மட்டும்: அங்கே கேமரா, இங்கே ரெக்கார்டர். எல்லா முறைகளையும் ஏற்கும் 'எக்ஸ்விஆர்' ரெக்கார்டர் வாங்கினால், பழைய கேமராக்களை உடனே தூக்கி எறியாமல் ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ளலாம்.

அற்றேல், நெட்வொர்க்கில் ஓடும் ஐ.பி. கேமராவே வேண்டும் எனின், அதற்கும் வழி உண்டு. வயரின் இரு முனைகளிலும் ஒவ்வொரு கன்வெர்ட்டர் வைத்தால், கோஆக்சியல் மீண்டும் ஈதர்நெட்டைச் சுமக்கும். மேலும் நெட்வொர்க் கேபிளின் எல்லை 100 மீட்டர். நல்ல செம்புக் கோஆக்சியலில் உயர்தெளிவுப் படம் 300 மீட்டர் போகும். முன்கேட்டுக்கும் பின்காம்பவுண்டுக்கும் இடையே நடைப்பயிற்சியே செய்துவிடக்கூடிய செம்பூர்க் காலனிகள் இதைக் கவனிக்க.

பழைய வயர் அனைத்தும் தகுமோ எனின், தகாது. கேபிள் டிவிக்காகப் போட்ட மலிவு வயரில் நடுக்கம்பி பெரும்பாலும் இரும்பு. மேலே செம்புப் பூச்சு மட்டும். கேபிள் டிவியின் அலைகள் மிக வேகமாக அதிர்பவை. கம்பியின் தோலிலேயே ஓடிவிடும், உள்ளே என்ன உலோகம் என்று பார்ப்பதில்லை. கேமராவின் படமோ மெதுவாக அதிரும் அலைகளையும் கொண்டது. அவை கம்பியின் உள்ளுக்கும் இறங்கி, இரும்பில் சோர்ந்துபோகும். ஆகவே காந்தம் கொண்டு சோதிக்க. முனையில் ஒட்டினால் இரும்பு. ஒட்டாவிட்டால் கத்தியால் லேசாகச் சுரண்டுக: வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம், சிவப்பாகவே இருந்தால் செம்பு.

செம்பே ஆயினும் மழை புகுந்திருந்தால் என் செய்வது எனின், வெட்டுக. பச்சைக் களிம்பு ஏறிய பகுதியை, பளபளவென்று செம்பு தெரியும்வரை அங்குலம் அங்குலமாக வெட்டிவிட்டுப் புது கனெக்டர் போடுக. நடுவழியில் முறுக்கி டேப் சுற்றிய ஜாயிண்டுகளை ஒழிக்க. படத்தில் ஒரு வாட்ச்மேன் இரு வாட்ச்மேன்களாகத் தெரிவது அங்கிருந்து எதிரொலிக்கும் அலைகளால். சம்பளம் ஒருவருக்குக் கொடுத்தால் போதும்.

5. களப்பதிவு

மாட்டுங்காவில் பெயர் குறிக்கப்படாத ஒரு சொசைட்டி. ஏணியில் தாராவித் தம்பி, கீழே செகரட்டரி.

"ஏம்ப்பா, பகல்ல நன்னா தெரியறது. இருட்டினதும் அணையறது, எரியறது. திருடன் பகல்லயா வரப்போறான்?"

"சார், கேமராவும் நல்லாருக்கு, வயரும் நல்லாருக்கு. ராத்திரில கேமராக்குள்ள லைட் எரியும்ல, அப்ப கரண்ட் ஜாஸ்தி இழுக்கும். இவ்ளோ நீளத்துக்குப் பன்னெண்டு வோல்ட் முழுசா போய்ச் சேரல. அடாப்டரை மேலயே, கேமராகிட்ட மாட்டிட்டா சரியாயிடும்."

"அதுக்குக் கரண்ட்?"

"மூணாவது மாடி வீட்டுலேர்ந்து ஒரு பாயிண்ட் எடுக்கணும் சார்."

செகரட்டரி ஏணியைப் பார்த்தார். மூன்றாவது மாடியைப் பார்த்தார். "இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும்" என்றார்.

6. துணிபு

மேற்கண்ட உரையாடலே இவ்வாய்வின் மையச் சான்று. நோய் தெரிந்தது, மருந்து தெரிந்தது. மருந்து மூன்றாவது மாடி வழியாகப் போக வேண்டியிருந்தது. சுவருக்குள் போன வயரை மாற்றுவதற்குச் செம்பின் விலை தடையில்லை, தொழில்நுட்பமும் தடையில்லை. வயர் போகும் வழியில் உள்ளவர்களின் சம்மதமே தடை. அச்சம்மதத்தை மறுப்போர் மூவகையினர்.

முதலாமவர் சுவர்க்காவலர்: போன தீபாவளிக்குத்தான் ஃபால்ஸ் சீலிங் போட்டவர், தம் வீட்டுக்குள் டிரில் நுழைய விடார். இரண்டாமவர் கொட்டேஷன்வாதி: மூன்று கொட்டேஷன் கேட்பார், வந்ததும் மூன்றும் ஒரே ஆள் போட்டது என்பார். மூன்றாமவரே வலியவர், ரீடெவலப்மெண்ட்வாதி: "இடிக்கப்போற பில்டிங்குக்குப் புது வயரா?" என்பார். அவர் பத்தாண்டுக்கு முன்பும் அதையே கேட்டார். கட்டடம் நிற்கிறது, வயரும் நிற்கிறது. மூவரும் ஒத்துப்போகும் ஒரே தீர்மானம் பழைய வயரை வைத்துக்கொள்வது. பழைய வயரில் புதிய படம் ஓட்டும் தொழில்நுட்பத்தை எங்கோ இருந்த பொறியாளர்கள் கண்டுபிடித்தார்கள் என்பது தற்செயல்; அது இவர்களுக்காகவே பிறந்தது என்க.

7. பரிந்துரையும் மேலாய்வும்

ஜூன் மழைக்கு முன் வயர் ஒவ்வொன்றையும் மீட்டர் வைத்துச் சோதிக்க. தேறியவற்றின் இரு முனைகளிலும் எண் எழுதி, எந்த வயர் எங்கே போகிறது என்ற படம் ஒன்றை மினிட்ஸ் புத்தகத்தில் ஒட்டுக. இன்று அந்தப் படம் பழைய வாட்ச்மேனின் தலைக்குள் மட்டும் இருக்கிறது; அவர் ஊருக்குப் போனால் படமும் ஊருக்குப் போய்விடும். தேறாத வயரை மாற்றியே ஆக வேண்டும் எனில் சுவருக்குள் தேடாமல் டக்ட் வழியாகவோ வெளிப்புறக் குழாயிலோ இறக்குக.

மேலாய்வுக்குரியது ஒன்று. 12 வாட் அடாப்டர் இரவுபகலாக ஓடினாலும் மாதம் 9 யூனிட்டுக்குள்தான் செலவாகும். அந்த 9 யூனிட்டை யார் கட்டுவது என்பது தனி முனைவர் பட்ட ஆய்வுக்குரிய பொருள். நெறியாளராக இருக்க மூன்றாவது மாடிக்காரர் முன்வந்திருக்கிறார்.