சீசன் சார்

குற்றாலத்துக்கு வருஷத்தில் ஒரு சீசன். சென்னை சபாக்களுக்கு மார்கழியில் ஒன்று. எங்கள் குடியிருப்பின் இரண்டாவது மாடியில் இருக்கிறவருக்கு மட்டும் வருஷத்துக்கு நாலைந்து. அதனால் அவர் சீசன் சார்.

இந்த இனத்தார் எல்லா ஊரிலும் உண்டு. வயது ஐம்பதைத் தொட்டிருக்கும். வங்கியிலோ பள்ளியிலோ மாதச் சம்பளம் நிச்சயமாக வரும். எதிரே பார்த்தால் நாம் "சௌக்கியமா?" என்று கேட்பதில்லை, "இப்போ என்ன ஓடுது சார்?" என்றுதான் கேட்கிறோம். அவரும் முட்டிவலி, சர்க்கரை என்று சராசரியாகப் பதில் சொல்ல மாட்டார். "வட்டெழுத்து" என்பார். அடுத்த தடவை கேட்டால் "காளான்" என்பார். இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று கேட்கிற அளவுக்கு நமக்கு நேரம் இருந்ததில்லை.

சீசன் பிறந்துவிட்டது என்பதற்கு முதல் அறிகுறி கூரியர்காரர். கற்றுக்கொள்வதற்கு முன்னால் கருவி வந்துவிட வேண்டும் என்பது சாரின் கொள்கை. வீணையில் ஒரு ஸ்வரம் பேசுவதற்கு முன்பே வீணைக்கு வெல்வெட் உறை வந்துவிட்டது. அடுத்து, இருநூறு பக்க நோட்டு. முதல் பக்கத்தில் சிவப்பு மையில் தலைப்பு, அடியில் இரட்டைக் கோடு. பத்துப் பக்கம் வரை முத்து முத்தான கையெழுத்து ஓடும். பிறகு அந்த நோட்டு வீட்டம்மாவின் கைக்குப் போய்விடும். அவர்கள் வீட்டுப் பால் கணக்கு நோட்டின் முன்பகுதி முழுக்க ஜப்பானிய ஹிராகனா எழுத்துகள். மொத்தம் 46 எழுத்துகளில் 30 வரை வந்திருக்கிறார். "ஜப்பானிய மொழியிலும் நம்மை மாதிரியே வினைச்சொல் கடைசியிலதான் வரும் சார். அதனால பாதி மொழி நமக்கு ஏற்கெனவே தெரிஞ்ச மாதிரிதான்" என்று அந்தச் சீசனில் சொல்லிக்கொண்டிருந்தார். மீதிப் பாதி இன்னும் வரவில்லை.

ஒரு சீசன் சராசரியாக ஒரு மண்டலம் நிற்கும். அந்த நாற்பத்தெட்டு நாளும் அவரிடம் வேறு பேச்சு எடுபடாது. தண்ணீர் லாரி வரவில்லை என்று சொன்னால்கூட அவர் பேச்சு எப்படியோ காளானில் வந்து நிற்கும். பிறகு ஒருநாள் அமைதி. நாமாக வலியப் போய், "காளான் என்னாச்சு சார்?" என்று கேட்டால், நம்மை யாரோ மூன்றாம் மனிதர் போலப் பார்த்து, "அதுவா, அது ஓடிட்டிருக்கு" என்பார். ஓடிவிட்டது என்று பொருள்.

ஓடியவை எல்லாம் போய்ச் சேருகிற இடம் பரண். சாரின் பரண் ஒரு கீழடி. மேலிருந்து தோண்டினால் முதலில் காளான் படுக்கைக்கான பைகள். அதற்கடியில் எண்ணெய் வண்ணக் குழாய்கள். அதற்கும் அடியில் சதுரங்கக் கடிகாரம். ஆக அடியில் சிதார் என்று நம்பி வாங்கப்பட்ட ஏதோ ஒன்று. ஆண்டு சொல்ல வேண்டுமானால் அந்தந்த அடுக்கில் சுற்றியிருக்கும் செய்தித்தாளைப் பார்த்துக்கொள்ளலாம்.

"தாவுகிறார்" என்பது குடியிருப்பின் ஒருமித்த கருத்து. "பல மரம் கண்ட தச்சன்" என்று கீழ்வீட்டுப் பெரியவர் ஆரம்பிப்பார். பழமொழியின் மீதியை எல்லோரும் சேர்ந்து முடித்து வைப்போம். சார் இதை ஒப்புக்கொள்வதில்லை. "நான் தாவலை சார், நூல் பிடிச்சுப் போறேன்" என்பார். ஒருநாள் லிஃப்ட் பழுதாகி, இரண்டு பேரும் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தபோது அந்த நூலை எனக்கு விரித்துக் காட்டினார்.

மாடித்தோட்டத்தில் கத்தரிச்செடி வைத்திருந்தார். ஒரு தையல்சிட்டு வந்து, இலையின் விளிம்பில் அலகால் துளை போட்டு, பஞ்சையும் சிலந்தி நூலையும் கோத்து இலையைப் பையாகத் தைத்துக் கூடு கட்டியது. கத்தரிக்காயை மறந்தார், பறவைச் சீசன் தொடங்கியது. பைனாகுலர் வந்தது. சாலிம் அலியின் 1941-ஆம் ஆண்டுப் புத்தகம் மறுபதிப்பில் வந்தது. தவிட்டுக்குருவியிலிருந்து குக்குறுவான் வரை எண்ணினார். இரவில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கிறீச்சிடுவது புள்ளி ஆந்தைதானா என்று உறுதி செய்துகொள்ள, ஒன்பது மணிக்கு மேல் மொட்டை மாடிக்குப் போனார். ஆந்தை வரவில்லை. அண்ணாந்தவர் கண்ணில் வானம்தான் பட்டது.

பறவை போயிற்று, நட்சத்திரம் வந்தது. தொலைநோக்கி வாங்கினார். கலிலியோ 1610-இல் பார்த்த வியாழனின் நான்கு நிலவுகளை இவர் எங்கள் மொட்டை மாடியில் பார்த்தார். குடியிருப்பு முழுவதையும் வரிசையில் நிறுத்தி சனிக்கோளின் வளையத்தைக் காட்டினார். அவருடைய அம்மா ஒற்றைக் கண்ணால் உற்றுப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானாடா? காலண்டர்ல இதைவிடப் பெரிசா இருக்கே" என்றார். சார் தளரவில்லை. மிருகசீரிடத்துக்குப் பக்கத்தில் சிவப்பாகத் தெரிகிற பெட்டல்ஜூஸ்தான் நம்முடைய திருவாதிரை என்று தெரிந்ததிலிருந்து அவருக்கு நட்சத்திரப் பெயர்கள்மேல் பித்துப் பிடித்தது. இந்தப் பெயர்கள் எல்லாம் சோழர் கல்வெட்டுகளில் வருகின்றன, அரசனின் ஆட்சியாண்டோடு கிழமையும் நட்சத்திரமும் கொடுத்திருந்தால், அதை வைத்து இன்றைய கணக்கில் தேதியைப் பிடித்துவிடலாம், அதற்கென்றே எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை 1922-இல் தொகுதி தொகுதியாக அட்டவணை போட்டு வைத்திருக்கிறார். இது போதாதா? கல்வெட்டுச் சீசன்.

கோயிலுக்குப் போகிறவர்கள் கர்ப்பகிருகத்தைப் பார்ப்பார்கள். சார் அதிட்டானத்தைப் பார்ப்பார். தேய்ந்த எழுத்து தெரிய வேண்டுமானால் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்து அடிக்க வேண்டும். அதற்காக டார்ச் விளக்கும் கையுமாக முட்டி போட்டபடியே ஒரு பிராகாரத்தைச் சுற்றி வந்திருக்கிறார். எதிரே வந்த ஒரு பாட்டி, முழங்கால் பிரதட்சிணம் என்று நினைத்து, "வேண்டுதலாப்பா? நிச்சயம் பலிக்கும்" என்று அவர் நெற்றியில் விபூதி இட்டுவிட்டுப் போனார். பலித்தது. அன்றுதான் ஒரு முழு வரியைப் பிழையில்லாமல் படித்தாராம்.

அந்தச் சீசனில் வீட்டில் யாரும் விளக்கை எரியவிட்டு வர முடியாது. "ஒரு நுந்தா விளக்கு அணையாம எரியணும்னா 96 ஆடு தானம் கொடுக்கணும். நாளைக்கு ஒரு உழக்கு நெய். சாவா மூவாப் பேராடு, தெரியுமா? நீ பாத்ரூம்ல விளக்கைப் போட்டுட்டு வந்திருக்கே!" மின்கட்டணச் சீட்டு வந்ததும் அதை ஆடாக மாற்றி மகளுக்குச் சொல்வார். கோடைக் காலத்தில் பெரிய மந்தையாகவே இருந்தது.

புதுக்கோட்டைப் பக்கம் குடுமியான்மலையில் இசைக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பாறையில் வரிசை வரிசையாக ஸ்வரங்கள், பல்லவ கிரந்தத்தில். கல்வெட்டு படிக்கப் போனவர், சங்கீதம் தெரியாமல் இதைப் படித்து என்ன பயன் என்று வீணையோடு திரும்பினார். சரளி வரிசை மாயாமாளவகௌளை ராகத்தில் தொடங்கியது. 72 மேளகர்த்தாக்களில் அது 15-ஆவது. ஏன் 15 என்று வாத்தியாரைக் கேட்டார். கடபயாதி என்று ஒரு முறை உண்டு. ராகத்தின் பெயரில் முதல் இரண்டு எழுத்துக்கும் எண் போட்டு, திருப்பிப் படித்தால் மேளத்தின் எண் வந்துவிடும். 'மா' 5, 'யா' 1, திருப்பினால் 15. அவ்வளவுதான், வீணை நின்றுவிட்டது. கடபயாதி ஓட ஆரம்பித்தது. எதிரே வருகிறவர் பெயரையெல்லாம் எண்ணாக்கினார். கணவன் பெயர் ராமன், மனைவி பெயர் ரமா என்று அமைந்துவிட்டால் சாருக்குப் பரவசம்: "ரெண்டு பேருக்கும் 52, ஒரே மேளம்! சண்டையே வராது!" அப்படிப்பட்ட ஒரு தம்பதி எங்கள் மாடியிலேயே இருக்கிறார்கள். சுவர் மெல்லிசு என்பதால் எங்களுக்குச் சங்கீத சாஸ்திரத்தில் நம்பிக்கை போய்விட்டது.

அதே கடபயாதியை வைத்துத்தான் பழைய கணித வானியலார் நிலவின் இருப்பிடத்தை 248 வாக்கியங்களில் அடைத்து வைத்தார்களாம்; வாக்கியப் பஞ்சாங்கம் அந்த வழியில் வந்ததுதானாம். தெரிந்த அன்று இரவே பரணிலிருந்து தொலைநோக்கி இறங்கியது. "பாத்தீங்களா சார், சுத்தி வந்து அதே இடத்துல நிக்குறேன். இதுக்குப் பேரு தாவலா?" என்று கேட்டார். லிஃப்டைச் சரிபார்க்க ஆள் வந்துவிட்டதால் நான் பதில் சொல்லாமல் தப்பித்தேன்.

தன் கட்சிக்கு அவர் பெரியவர்களையும் சாட்சிக்குக் கூப்பிடுவார். கூப்பிட்ட சாட்சிகள் மறுதரப்புக்குச் சாதகமாகப் பேசிவிட்டுப் போவதுதான் வழக்கம். "ராமானுஜன் எஃப்.ஏ. பரீட்சையில தோத்தவர் சார்" என்பார். உண்மை. கணக்கைத் தவிர வேறெதையும் படிக்க மாட்டேன் என்றதால் தோற்றார். "ஐராவதம் மகாதேவன்? ஐ.ஏ.எஸ். அதிகாரி. யார் அவரைக் கல்வெட்டு படிக்கச் சொன்னது?" அதுவும் உண்மை. ஆனால் அறுபதுகளில் தமிழ் பிராமியைக் கையிலெடுத்தவர், அதைப் பற்றிய பெரும் நூலை 2003-இல்தான் வெளியிட்டார். நடுவில் 1977-இல் சிந்துவெளி எழுத்துகளுக்கு ஒரு தொகுப்பு. இந்தக் கணக்கைச் சாரின் வீட்டம்மா ஒரே வரியில் முடித்தார்: "அவருக்கு நாப்பது வருஷத்துல ரெண்டு சீசன்."

இவ்வளவு கேலியையும் தாண்டி ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் குடியிருப்புச் சங்கம் கல்வெட்டால் ஒருமுறை காப்பாற்றப்பட்டது. செயலாளர் தேர்தலுக்கான பொதுக்கூட்டத்தில் சார் எழுந்து, பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்ச் சாசனத்தை எடுத்து விட்டார். குடவோலையில் பெயர் எழுத 35 வயதுக்கு மேல், 70-க்குள் இருக்க வேண்டும். கடந்த மூன்றாண்டில் வாரியத்தில் இருந்தவர் கூடாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் கூடாது, அவருடைய உறவினரும் கூடாது. கடைசி விதியைப் படித்தபோது கூட்டத்தில் ஓர் அமைதி. செயலாளரின் மைத்துனர்தான் மறு வேட்பாளர். சங்கக் கணக்கைப் பார்த்தவர்கள் அதுவரை யாருமில்லை. அடுத்த வாரம் அறிவிப்புப் பலகையில் வரவு செலவு ஒட்டப்பட்டிருந்தது. ஆயிரத்து நூறு வருஷத்துப் பழைய கல் செய்த வேலை. வாட்ஸ்அப் குழுவில் நாங்கள் போட்ட சண்டைகளால் நடக்காதது.

இன்னொரு விஷயம், அவர் கைவிட்டவை எதுவும் அநாதையாவதில்லை. பைனாகுலரை அம்மா எடுத்துக்கொண்டார். எந்த வீட்டுக்கு எந்தக் காய்காரர் என்ன விலைக்குக் கொடுத்தார் என்பது வரை அவருக்குத் தெரியும். தவிட்டுக்குருவிக் கூட்டம் எத்தனை மணிக்கு வரும் என்பதும் தெரியும். தொலைநோக்கிக்கு மகள் வாரிசு. வீணையை வீட்டம்மா தொட்டார். சார் சரளி வரிசையில் நின்ற இடத்திலிருந்து அவர் அலங்காரம், கீதம் தாண்டி வர்ணத்துக்குப் போய்விட்டார். வாசிக்கும்போது சார் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த ராகத்துக்கு எண் சொல்வார். அந்த வீட்டில் ஆரம்பிப்பது ஒருவர் வேலை. தொடர்வது மற்றவர்கள் வேலை. சம்பளமில்லாத பிரிவினை, யாரும் குறை சொல்லவில்லை.

குறை சொன்னது மகன் ஒருவன்தான். அவன் பொறியியல் மூன்றாம் ஆண்டு. அரியர் வைக்காமல் படிப்பவன். ஒருநாள் நான் அங்கே காபி குடித்துக்கொண்டிருந்தபோது நேராகவே கேட்டுவிட்டான்.

"அப்பா, வாழ்க்கையில எதையாவது முழுசா முடிச்சிருக்கீங்களா?"

சாருக்குக் கோபம் வரவில்லை. யோசித்துவிட்டுச் சொன்னார்: "முடிச்சிருக்கேனேடா. பி.காம். முடிச்சேன். சம்பளம் ஏறும்னு சி.ஏ.ஐ.ஐ.பி. முடிச்சேன். ரெண்டுலயும் இப்போ ஒரு கேள்வி கேளு, ஒரு வரி தெரியாது. முடிச்ச அன்னிக்கே மறந்துட்டேன். தையல்சிட்டு எப்படித் தைக்கும்னு கேளு, விடிய விடியச் சொல்றேன். அதை நான் முடிக்கவே இல்லையே!"

மகன் வாயடைத்துப் போனான். அடுத்த செமஸ்டரோடு தனக்கு என்னென்ன மறக்கப்போகிறது என்று கணக்குப் போடுகிற மாதிரி இருந்தது அவன் முகம். நானும் என் பட்டங்களை மனதுக்குள் ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு, காபியில் கவனம் செலுத்தினேன்.

சமையலறையிலிருந்து வீட்டம்மா குரல் வந்தது. "நல்லா இருக்கு நியாயம். நீங்க மறந்துபோன அந்த பி.காம்.தான் இந்த வீட்டுக்கு அரிசி வாங்குது. தையல்சிட்டு வாங்கலை."

"அரிசி" என்றார் சார்.

அந்த ஒரு சொல்லைச் சொன்ன தொனியில் அம்மா பைனாகுலரை இறக்கினார். மகள் தலை நிமிர்ந்தாள்.

"நாம சாப்பிடறது எந்த அரிசின்னு யாருக்காவது தெரியுமா? மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், கருப்புக் கவுனி... நெல் ஜெயராமன் 170-க்கும் மேல மீட்டு வச்சிட்டுப் போயிருக்கார் சார். காட்டுயானம்னு ஒரு ரகம். யானை உள்ளே நின்னாலும் வெளியே தெரியாதாம், அவ்வளவு உயரம்!"

வீட்டம்மா கரண்டியோடு வெளியே வந்தார். கணவர் முகத்தைப் பார்த்தார். வினையை இழுத்துவிட்டவர் தாம்தான் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. திட்டவில்லை. மகனைப் பார்த்துச் சொன்னார்:

"ஏணியை எடுத்துட்டு வாடா. யானை மறையற அளவுக்குப் பரண்ல இடம் பண்ணணும்."