நானோவின் மறைபொருள்: ஓர் ஆய்வு

ஆய்வு எல்லையை முதலில் வகுத்துவிடுவது மரபு. இக்கட்டுரை டாடா நானோவை, அதிலும் 2009 மார்ச்சில் விற்பனைக்கு வந்த மூலபாடத்தை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. சிங்கூரில் தொடங்கி சனந்தில் முடிந்த தொழிற்சாலை வரலாறு தனி ஆய்வேட்டுக்கு உரியது. இங்கே அதைத் தொடவில்லை. பென்ஸ், பி.எம்.டபிள்யூ போன்ற பெருங்காப்பியங்களில் ஒளிந்திருக்கும் வசதிகளுக்கு உரை எழுத ஆள் நிறைய உண்டு. சிற்றிலக்கியத்தைச் சீண்டுவார் இல்லை. இந்த ஆய்வின் கருதுகோள் ஒன்றே: விலை குறையக் குறையக் காரில் மறைபொருள் கூடும்.

பானட்டுக்குக் கீழே எஞ்சின் இருக்கும் என்பது வழிவழி வந்த நம்பிக்கை. அம்பாசடர், பத்மினி, மாருதி 800 என மூன்று தலைமுறைச் சான்றுகள் அதற்கு உண்டு. நானோவின் பானட்டைத் தூக்கினால் ஸ்டெப்னி படுத்திருக்கிறது. 624 சிசி, இரண்டு சிலிண்டர் எஞ்சினோ பின் இருக்கைக்கு அடியில் பதுங்கியிருக்கிறது. பாட்டரி முன் இருக்கைக்கு அடியில். குடும்பம் ஏறி உட்கார்ந்துவிட்டால் காரின் உயிர்நிலைகள் எல்லாம் அவர்களுக்கு அடியில் போய்விடுகின்றன. பின் சக்கரங்களுக்கு முன்னால் இரு பக்கமும் செவுள் போல இருப்பது அழகுக்காக என்று நினைப்போர் பலர். எஞ்சின் மூச்சுவிடும் வழி அது. பின் டயர்கள் முன் டயர்களைவிட அகலம் என்பதைக் காரின் சொந்தக்காரரே பல வருடம் கழித்துத்தான் கவனிக்கிறார். பாரத்தில் பெரும்பகுதி பின்னால் இருப்பதால், வளைவில் வண்டியின் பின்பக்கம் வெளியே இழுத்துக்கொண்டு போகாமலிருக்கச் செய்த ஏற்பாடு.

களப்பணியில் தரவு கொட்டிக்கிடக்கும் இடம் பெட்ரோல் பங்க். கார் வந்து நிற்கும். ஊழியர் குழாயை எடுத்துக்கொண்டு இடப்பக்கம் வருவார், மூடி இல்லை. வலப்பக்கம் சுற்றுவார், அங்கும் இல்லை. பின்னால் போய்க் குனிந்து பார்த்துவிட்டு, “எங்க சார் ஊத்தறது?” என்பார். இந்தக் கேள்விக்காகவே வீட்டிலிருந்து புறப்பட்டு வந்தவர்போல, சொந்தக்காரர் நிதானமாக இறங்கி, முன்பக்கம் போய், பானட்டைத் தூக்குவார். உள்ளே ஒரு ஓரமாக இருக்கிறது பெட்ரோல் வாய். அதற்குள் வரிசையில் பின்னால் நிற்கும் பைக்காரர், “என்னண்ணே, சூடாயிருச்சா? தண்ணி பாட்டில் தரவா?” என்று இறங்கிவிடுவார். அவருக்கு விளக்க வேண்டும். காற்றுப் பிடிக்கும் பையனும் வந்து எட்டிப் பார்ப்பான். பெட்ரோல் போடுதல் என்னும் தனிமனிதச் செயல் இவ்வாறு சமூக நிகழ்வாகிறது. தொட்டியின் கொள்ளளவு 15 லிட்டர்தான் என்பதால் இந்நிகழ்வு அடிக்கடி நடக்கும் என்பதும் நோக்கத்தக்கது.

இது வடிவமைப்புக் குறை என்பாரும் உளர். அவர் கூற்றுப் பொருந்தாது. பெட்ரோல் வாய்க்கென்று தனிக் கதவு, அதற்கொரு பூட்டு, உள்ளிருந்து அதைத் திறக்க ஒரு கம்பி என்று மூன்று செலவும் மிச்சம். பானட் பூட்டே பெட்ரோலுக்கும் காவல். ராத்திரியில் ட்யூப் போட்டு உறிஞ்ச வருகிறவனும் முதலில் இடப்பக்கம், பிறகு வலப்பக்கம், பிறகு பின்பக்கம் என்றுதான் தேடியாக வேண்டும்.

அடுத்தது டிக்கி. காரின் பின்புறம் பார்ப்பதற்குக் கதவு போலவே இருக்கும். ஆனால் திறக்காது. திறக்கிற கதவு வைத்தால் கீல் வேண்டும், பூட்டு வேண்டும், ஓட்டை போட்ட இடத்தில் உடம்புக்கு வலுவும் சேர்க்க வேண்டும், எல்லாம் காசு. ஆகவே பின் இருக்கையின் முதுகை மடக்கி, அந்த வழியாகச் சாமானை உள்ளே தள்ள வேண்டும். சாமான் ஏறிய பிறகே மாமியார் ஏறலாம். மாமியார் இறங்கிய பிறகே சாமான் இறங்கும். இந்த வரிசை பிறழக்கூடாது. வழியில் குழந்தைக்குப் பால் பாட்டில் வேண்டுமென்றால் மாமியாரிலிருந்து தொடங்க வேண்டும். 2015இல் வந்த ஜென்எக்ஸ் நானோவில் பின் கதவு திறந்தது. அது இடைச்செருகல். மூலபாடத்தில் இல்லை.

ஒற்றை வைப்பரையும், ஆரம்ப மாடலில் இடப்பக்கக் கண்ணாடி இல்லாமையையும் வழுவமைதி என்று கொண்டு கடந்துபோகலாம். சக்கரத்துக்கு மூன்றே நட்டு என்பதைப் பஞ்சர் கடைக்காரர்கள் முதலில் நம்புவதில்லை. நான்காவது எங்கேயோ விழுந்துவிட்டது என்று வருத்தப்படுகிறார்கள்.

வேகமானி மட்டும் சற்று விரிவான உரையை வேண்டுவது. அது ஓட்டுநருக்கு நேரே இல்லை, டேஷ்போர்டின் நடுவில் இருக்கிறது. நடுவில் வைத்துவிட்டால் ஸ்டியரிங் எந்தப் பக்கம் இருக்கும் நாட்டுக்கும் அதே அமைப்பு ஒத்துவரும் என்பது பொறியாளர் கணக்கு. குடும்பத்தில் விளைந்ததோ வேறு. வேகம் என்பது அதுவரை ஓட்டுகிறவரின் அந்தரங்கம். நானோவில் அது பொதுச்சொத்தாயிற்று. பின் இருக்கையின் நடுவில் உட்கார்ந்த அப்பாவுக்கு முள் நேர் எதிரே தெரியும். “அறுவதைத் தாண்டுது பாரு” என்று ஒரு குரல். “எதிர்ல லாரி வருது, நீ ஏன் எம்பதுல போற?” என்று இன்னொன்று. கார் அதிகபட்சம் 105 கி.மீ. வேகம் போகும் என்றது கம்பெனி. நான் விசாரித்த வரையில் குடும்பத்தோடு போய் அந்த வேகத்தைத் தொட்டவர் எவரும் இல்லை. காற்றுப் பையோ ஏ.பி.எஸ்ஸோ இல்லாத காரில் இதுவே பாதுகாப்பு ஏற்பாடு.

கருதுகோள் இதுவரை நிலைநிற்கிறது. ஆனால் முரண்சான்று ஒன்று உண்டு, அதை மறைப்பது ஆய்வு நெறி ஆகாது. எஞ்சின், பாட்டரி, பெட்ரோல் வாய், சாமான் என்று எல்லாவற்றையும் ஒளித்துவைத்த இந்தக் கார், ஒன்றை மட்டும் ஒளிக்கவில்லை: விலை. 2008 ஜனவரியில் டெல்லி கண்காட்சியில் திரை விலகியபோதே, கார் எப்படி இருக்கிறது என்பதற்கு முன்னால் 1 லட்சம் என்ற எண் ஊரெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது. 2 லட்சம் பேருக்கு மேல் முன்பதிவு செய்து, யாருக்கு முதலில் என்று குலுக்கல் நடந்தது. வரி, பதிவு, இன்சூரன்ஸ் சேர்த்தால் அந்த விலைக்கு வீடு வந்து சேரவில்லை, ஏ.சி. வைத்த மாடல் அதற்கும் மேலே போயிற்று. கல்யாண மண்டப வாசலில் நிற்கிறவருக்கு அந்தப் பாடபேதமெல்லாம் பொருட்டே இல்லை. “இதானே அந்த ஒரு லட்ச ரூபா வண்டி?” என்பார். பக்கத்தில் நிற்கும் கார் நாலு லட்சமா, ஏழு லட்சமா, கடனில் வாங்கியதா என்று அவருக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டார்.

மழையில் ஸ்கூட்டரில் நெருக்கியடித்துப் போன குடும்பத்தைப் பார்த்துத்தான் இந்த எண்ணம் வந்தது என்று ரத்தன் டாடா சொன்னார். மலிவான கார் என்று அதற்குப் பெயர் விழுந்தது தவறாகப்போயிற்று என்றும் பிற்பாடு அவரே சொன்னார். ஸ்கூட்டரிலிருந்து இறங்கிவிட்டோம் என்று ஊருக்குக் காட்டத்தான் நம்மவர் கார் வாங்குகிறார். எஞ்சினைப் பின்னால் ஒளித்த பொறியாளர்கள் விலையையும் எங்காவது இருக்கைக்கு அடியில் ஒளித்திருந்தால் இந்தக் கார் பிழைத்திருக்கும் என்பது என் முடிபு.

2018 ஜூன் மாதத்தில் தயாரான நானோக்களின் எண்ணிக்கை 1. அந்த ஒரு கார் இப்போது யார் வீட்டில் நிற்கிறதோ, அவர் தயவுசெய்து தொடர்புகொள்ளவும். பானட்டைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது.